தரைப்பணியில் சேர்ந்து விமானி ஆக நினைத்தவர்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பாளை வாசகி

தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தில் ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானம் இறங்கி மறுபடி கிளம்பும் இடைவெளியில் தரைப்பணியாளர் படும் பாடு இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், சென்னை விமானத்தில் ஏறும் எடையையும் அது எங்கெங்கு இருக்கிறது என்பதையும் காட்டும் லோடு ஷீட்டில் கையெழுத்து வாங்குவதற்காகக் காக்பிட் வாசலில் நின்றேன். பின்வரிசையில் இடம் பெற்றிருந்த இருவர் கடைசி நிமிடம் வரை வராததால், அவர்களைக் கழித்துத் திருத்திய தாள் அது. கேப்டன் எடை எழுதியிருந்த வரியில் பேனாவை ஊன்றியபடி, "இந்த ரெண்டு பேர் வராததால ஈர்ப்பு மையம் எந்தப் பக்கம் நகரும்?" என்று கேட்டார். "முன்பக்கம் சார்" என்றேன். அவர் தலையை நிமிர்த்தி, "பைலட் ஆகணும்னு இருக்கியாம்மா?" என்றார். ஆமாம் என்றதும், "கிளாஸ் ஒன் மெடிக்கல் முடிச்சாச்சா?" என்றார். வணிக விமானிக்கான மருத்துவத் தகுதிச் சோதனை அது. பணம் சேர்ந்த பிறகு எடுக்கலாம் என்றிருப்பதாகச் சொன்னேன். "பணம் சேக்குறதுக்கு முன்னாடி அதை முடி" என்று சொல்லிக் கையெழுத்திட்டுத் தாளை நீட்டினார்.

என் ஆசையைக் கேட்டுப் பாராட்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்க, மருத்துவத் தகுதிதான் முதல் வாசல் என்று அந்த ஒருவர் மட்டுமே சொன்னார் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அதன் பிறகு கிளாஸ் டூ, கிளாஸ் ஒன் என்ற இரண்டு மருத்துவச் சோதனைகளையும் முடித்துவிட்டு, இப்போது விமானி உரிமத் தேர்வின் வானிலைத் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வள்ளியூரான்

அந்த அக்காவுக்குக் கேப்டனாவது உண்மையைச் சொன்னார். எனக்குச் சொன்னது நேர்காணல் எடுத்த ஓர் அம்மா. பயிற்சி நிலையத்தில் டிப்ளமோவுக்குப் பணம் கட்டச் சொன்னபோது, தரைப்பணியில் இரண்டு வருடம் இருந்தால் கம்பெனியே விமானி ஆக்கிவிடும் என்று என் அப்பாவிடம் உறுதியாகச் சொன்னார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அந்தப் பணத்தைக் கட்டினோம். நேர்காணலில் நான் அதையே கேட்டேன். அந்த அம்மா என் டிப்ளமோ சான்றிதழை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மேசையின் ஓரத்தில் வைத்தார்; பிறகு, "தம்பி, இந்த வேலைக்குப் பிளஸ் டூ மார்க் ஷீட் போதும். பைலட் வேலைக்கு லைசென்ஸ் வேணும். ரெண்டுக்கும் நடுவுல நாங்க எதுவும் வச்சுக்கலை" என்றார். வேலை கிடைத்தது. ஆனாலும் அந்தச் சான்றிதழ் மேசை ஓரத்திலேயே கிடந்தது எனக்கு மறக்கவில்லை. தரைப்பணி விமானி வேலைக்கு வழி என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

தாமிரபரணிக் கரை

வள்ளியூர்த் தம்பியின் கோபம் நியாயமானது, முடிவு நியாயமானதன்று. நான் திருவனந்தபுரத்தில், விமானம் நிற்கும் இடத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் ராம்ப் வேலை பார்த்தேன். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, முன்பு என்னோடு பெட்டி ஏற்றிய ஒருவர் துணை விமானியாகக் காக்பிட் சன்னலிலிருந்து கையசைத்தார். அன்று முதல், இது முடியாத காரியம் என்று யார் சொன்னாலும் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

தரைப்பணியில் கழித்த ஒரு மணி நேரம்கூட உரிமத்துக்கான கணக்கில் சேராது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் பொறுப்பு விமானியாகப் (பைலட் இன் கமாண்ட்) பறந்ததாக இருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இல்லாதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அவ்விரண்டு பாடங்களையும் எழுதித் தேறிவிட்டு வரலாம். வணிகவியல் படித்துவிட்டுக் கவுண்டரில் நிற்கும் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் வான்வழிச் செலுத்தம், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுத்தாக வேண்டும். ரேடியோ உரிமத் தேர்வு தனி. தாள்களுக்கான படிப்பை வேலையில் இருந்துகொண்டே முடித்துவிடலாம் என்பதால், சம்பளம் வரும் காலத்தில் அதை முடித்துவிட்டுப் பறக்கும் பயிற்சிக்குப் போவதுதான் நம் ஊர்க் குடும்பங்களுக்குத் தாங்கும். பறக்கும் பயிற்சிக்குப் பல இலட்சம் ரூபாய் ஆகும் என்பதைத் தகப்பனாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி என்ற விமானப் பயிற்சிக் கழகத்துக்கு நுழைவுத் தேர்வு எழுதிப் பாருங்கள். எந்தப் பள்ளியானாலும் முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். விமானம் பழுதாகி நின்றால் மாதக்கணக்கில் உங்கள் பறந்த மணி நேரம் ஏறாது.

குற்றாலச் சாரல்

அண்ணாச்சி, வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அதிகாலை மூன்று மணிக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் ஷிஃப்டில் ஒரு வாரமும், இரவு ஷிஃப்டில் மறுவாரமும் இருப்பவன் எந்த நேரத்தில் புத்தகத்தைத் திறப்பான்? நான் திறந்தேன், தாள்களையும் தேறினேன். என்னை நிறுத்தியது வேறு. மருத்துவச் சோதனையில் வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தை மருத்துவர் விரித்தார். முதல் பக்கத்தில் 12 என்றேன். அது எல்லோருக்கும் தெரியும் பக்கம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அடுத்தடுத்த பக்கங்களில் எனக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. அவர் எதுவும் சொல்லாமல் ஒரே வேகத்தில் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். பின்னர் வைத்த லாந்தர் விளக்குச் சோதனையிலும் சிவப்பையும் பச்சையையும் தவறாகச் சொன்னேன். அதுவரை பச்சை விளக்கைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதால், எனக்கு இப்படி ஒரு குறை இருக்கும் என்று வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை. இப்போது லோடு கன்ட்ரோலில் இருக்கிறேன். பாளை அக்கா கையெழுத்து வாங்கிய தாளைத் தயாரிக்கும் வேலைதான் அது, பிடித்தே செய்கிறேன். ஆனால் தாள்களுக்குச் செலவழித்த இரவுகளுக்கு முன்பே அந்தப் புத்தகத்தை யாராவது எனக்குக் காட்டியிருக்க வேண்டும்.

வள்ளியூரான்

சாரல் அண்ணே, இதைப் படித்த பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது. நேராகக் கிளாஸ் ஒன் எடுத்துவிடலாமா?

பாளை வாசகி

முடியாது தம்பி. முதலில் கிளாஸ் டூ எடுக்க வேண்டும். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது. இரத்தப் பரிசோதனை, இசிஜி, மார்பு எக்ஸ்ரே, கண், காது எல்லாம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் கிளாஸ் ஒன். நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது ஓராண்டுதான் செல்லும். வண்ணச் சோதனையை மட்டும் திருநெல்வேலியிலேயே ஒரு கண் மருத்துவரிடம் இந்த வாரமே செய்து பார்த்துவிடுங்கள்.