அட்டையில் "நீ", வேதாகமத்தில் "நான்": இந்த வசனத்தை எப்படி வாசிப்பது?

கேள்வி: கொழுந்துக்கூடை, வண்டிப்பெரியாறு

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

வண்டிப்பெரியாற்றுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பத்தொன்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். வியாழன்தோறும் சாயங்காலம் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெண்கள் எட்டுப் பத்துப் பேர் கூடி வேதம் வாசிப்போம். எங்களில் இறையியல் படித்தவர் யாரும் இல்லை. ஆயர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மலையேறி வருவார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எங்கள் சபையில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுத்துப்போவோம். மூன்றாவது வீட்டு அக்கா சென்ற முறை எடுத்த அட்டையில் இப்படி அச்சிட்டிருந்தது: "நீ சாவாமல் பிழைத்திருப்பாய். சங்கீதம் 118:17." அவர் கணவர் தோட்டத்து ஃபாக்டரியில் வேலை செய்தவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குக் கோட்டயம் போய்வந்துகொண்டிருந்தார். அந்த அட்டையை அக்கா எப்படிப் பிடித்துக்கொண்டார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஜூன் மாதம், மழை வலுத்த வாரத்தில், அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை, சபையார் சிலர் வீட்டுக்கே வந்து, "வாக்குத்தத்தம் பொய்யாகாது, உங்கள் விசுவாசத்தில்தான் குறை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அக்கா ஆலயத்துக்கு வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்துப் பாயில் வைத்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. ரோஜாப்பூப் படம். அடுப்புப் புகையில் ஓரமெல்லாம் பழுப்பேறி, ஈரத்தில் ஒரு மூலை இரண்டு தாளாகப் பிரிந்திருந்தது. "இதை எடுத்துப் பாருங்கள்" என்றார். வேதாகமத்தைத் திறந்தேன். "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." அதில் "நீ" இல்லை. அக்காவின் மகள் ஒன்பதாம் வகுப்பு, மலையாளப் பள்ளிக்கூடம். தன் பள்ளிப் பையிலிருந்து மலையாள வேதாகமத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதிலும் ஞான் என்றுதான் இருக்கிறது அம்மா, ஞான் மரிக்கயில்ல" என்றாள்.

அக்கா கேட்டார்: "அப்படியானால் அந்த நான் யார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அட்டை அச்சிட்டவர்கள் "நான்" என்பதை "நீ" ஆக்கி, பின்பாதியையும் வெட்டிவிட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு அக்காவுக்கு என்ன சொல்ல முடியும்? ஒரு வசனம் யாருக்குச் சொன்னது, அதில் எதை நமக்கு எடுத்துக்கொள்ளலாம், எதை எடுக்கக்கூடாது என்று எப்படிப் பகுத்துப் பார்ப்பது? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லித்தாருங்கள்.

பதில்: நீலக்குறிஞ்சி, தேவிகுளம்

ஸ்தோத்திரம் சகோதரி. அந்த வீட்டுக்குப் போய் அப்படிப் பேசியவர்கள் செய்தது பாவம். அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

ஆனால் அட்டைகளையே தள்ளிவிடாதீர்கள். பின்னால் பெரிய ஆயரான அகஸ்டின் 386-இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, "எடுத்து வாசி" என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கண்ணில் பட்ட இடம் ரோமர் 13. அந்த இடத்தில்தான் அவர் மனம் திரும்பியது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் சபையார் 1731-லிருந்து, ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப்போட்டு எடுத்த வசனத்தைப் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். தோட்டத்தில் வேலை நின்று, வீட்டில் அரிசி இல்லாத ஒரு வருடம் எனக்கு ஏசாயா 41:10 வந்தது. "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்ற அந்தச் சீட்டால்தான் நான் அந்த வருடத்தைக் கடந்தேன். அது எனக்குச் சொன்னதல்ல என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

பதில்: பழைய உபதேசியார், பாறசாலை

சகோதரிக்கும் தேவிகுளத்துத் தம்பிக்கும் ஸ்தோத்திரம்.

அந்த அக்காவின் கேள்வி வேதாகமத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்புவைப் பார்த்து அவர் கேட்பது இது: "தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்? தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ?" உமக்கு விசுவாசம் போதாது என்று பிலிப்பு சொல்லவில்லை. ரதத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடத்திலிருந்தே தொடங்கி விளக்கினார். மூன்றாவது வீட்டு அக்கா வேதத்தை வாசிக்கவேண்டிய விதமாகவே வாசித்திருக்கிறார் என்று அவரிடம் முதலில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இனி 118-ஆம் சங்கீதத்துக்கு வருவோம். 29 வசனம்தான். ஒருவர் உரக்க வாசிக்கட்டும். ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, எந்த வசனத்தை யார் சொல்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். தொடக்கத்தில் இஸ்ரவேல் முழுவதும் பேசுகிறது. ஐந்தாம் வசனத்தில் ஒருவர் தனியாக, "நெருக்கத்திலிருந்து கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டேன்" என்கிறார். எதிரிகள் தேனீக்களைப்போல அவரைச் சூழ்ந்திருக்கிறார்கள். விழப்போனவர் தப்பிவிட்டார். 19-இல் ஆலய வாசலில் நின்று கதவைத் திறக்கச் சொல்கிறார். 26-இல் உள்ளே இருப்பவர்கள் அவரை ஆசீர்வதிக்கிறார்கள். 27-இல் பலி. ஆக, சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து பாடுகிற நன்றிப் பாட்டு இது. நோயாளியிடம் நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்ல வந்த வார்த்தையாக அதை யாரும் பாடவில்லை. "கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற பின்பாதியை வெட்டினால் அது நன்றிப் பாட்டு என்பதே தெரியாமல் போகும். அட்டையில் நடந்தது அதுதான்.

இதோடு நின்றால், அக்காவின் கையிலிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டதாகிவிடும். இன்னும் கொஞ்சம் உள்ளே போகவேண்டும்.

113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களை யூதர்கள், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையில் பாடுவார்கள். இன்றைக்கும் பாடுகிறார்கள். குருத்தோலை ஞாயிறன்று நம் பிள்ளைகள் ஓலையைப் பிடித்துக்கொண்டு பாடுகிற ஓசன்னா, இந்தச் சங்கீதத்தின் 25, 26 வசனங்களிலிருந்து வந்தது. தள்ளப்பட்ட கல் மூலைக்குத் தலைக்கல்லான 22-ஆம் வசனத்தை இயேசு அதே வாரத்தில் எடுத்துச் சொல்கிறார். இப்போது மத்தேயு 26:30 பாருங்கள். கடைசிப் பந்தி முடிந்து, ஸ்தோத்திரப் பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் புறப்பட்டார்கள் என்று இருக்கிறது. அது பஸ்காவின் அந்தச் சங்கீதங்கள்தான் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால், "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்ற வரியை அன்றிரவு இயேசு தம் வாயால் பாடியிருக்கிறார். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு மரித்தார்.

இந்த வசனத்தைப் பிடித்திருப்பவனுக்குச் சாவு வராது என்பது பொருளாக இருந்தால், அது முதலில் அவரிடமே பொய்த்திருக்க வேண்டும். பொய்க்கவில்லை என்பதற்குத்தான் அவர் உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியற்காலை இருக்கிறது. அந்த "நான்" யார் என்று அக்கா கேட்டாரே, நான் சொல்லும் பதில் இது: முதலில் ஆலய வாசலில் நின்ற ஒருவர், பிறகு இயேசு, அவருக்குப் பின் அவருக்குள் மரித்து அடக்கமான ஒவ்வொருவரும். அக்காவின் கணவரும் அதில் இருக்கிறார். வரிசை முக்கியம் சகோதரி. அட்டை நேரே கடைசி ஆளிடம் போய்விட்டது.

இதை நான் தாமதமாகக் கற்றேன். உபதேசியாராகச் சேர்ந்த முதல் சில வருடங்களில், சாகக் கிடப்பவர்களின் தலைமாட்டில் நின்று இதே வசனத்தைச் சொல்லி ஜெபித்திருக்கிறேன். அந்த வீடுகளில் ஒன்று இன்றும் என் பஸ் போகிற வழியில் இருக்கிறது.

தம்பி, அகஸ்டினைச் சொன்னீர்கள். அவர் அன்று கையில் எடுத்தது, ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த பவுலின் நிருபப் புத்தகம். கண்ணில் பட்டது, கிறிஸ்துவைத் தரித்துக்கொள் என்ற கட்டளை. இன்னாருக்கு இன்னது நடக்கும் என்ற குறியல்ல. அதே அகஸ்டின் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில், சுவிசேஷ ஏட்டைப் பிரித்துச் சீட்டுப் பார்ப்பது பேய்களிடம் போய்க் கேட்பதைவிட மேல் என்றாலும், உலகக் காரியங்களுக்காகத் தேவவாக்கை அப்படிப் பயன்படுத்துவது தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஹெர்ன்ஹூட்டிலும் சீட்டில் வருவது பழைய ஏற்பாட்டு வசனம் மட்டும். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறார். நாளுக்கு ஒரு வசனம், அது எல்லோருக்கும் பொது.

உங்கள் ஏசாயா 41:10-ஐ நான் பிடுங்க வரவில்லை. அது இஸ்ரவேலுக்குச் சொன்னது. ஆனால் "உன்னுடனே இருக்கிறேன்" என்பதை உயிர்த்தெழுந்த இயேசு மத்தேயுவின் கடைசி வசனத்தில் தம் சீஷருக்கு மறுபடி சொல்கிறார். அந்தப் பாலத்தின் வழியாக உங்களிடம் வருகிறது. "உனக்கு வேலை கிடைக்கும்" என்று அதில் இல்லை, நீங்களும் அப்படி வாசிக்கவில்லை.

அட்டைகளில் அதிகம் வரும் எரேமியா 29:11-ஐயும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒருவருக்கா பலருக்கா என்று அந்தச் சொல்லை வைத்துத் தெரியாது. தமிழில் "உங்கள்பேரில்" என்று இருப்பதால் நமக்குத் தெரிகிறது: பாபிலோனுக்குச் சிறைபோன கூட்டத்துக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே அங்கேயே மண்ணானார்கள். அவர்களுக்குச் சொன்னது, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்பது. ஊரைவிட்டு மலையேறித் தோட்டத்தில் மூன்று நாலு தலைமுறையாக இருப்பவர்கள், அந்தக் கடிதத்தை முழுதாக வாசித்தால் எங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள்.

கடைசியாக, அந்தப் பெண்பிள்ளை செய்தது மிக நல்ல காரியம். எல்லையில் இருக்கிற நமக்கு வீட்டிலேயே இரண்டு மொழி வேதாகமம் உண்டு. யோவான் 15:2-இல் கனிகொடுக்கும் கொடியை "சுத்தம்பண்ணுகிறார்" என்று தமிழில் வாசித்தபோது, ஏதோ கழுவுவதாக நினைத்திருந்தேன். மலையாளத்தில் "செத்தி வெடிப்பாக்குந்நு" என்று இருக்கிறது, சீவித் துப்புரவாக்குகிறார். கத்தி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் தமிழைத் தள்ளிவிடவும் முடியாது. அடுத்த வசனத்தில் "நீங்கள் இப்பொழுதே சுத்தமாயிருக்கிறீர்கள்" என்று வருகிறது. கிரேக்கத்திலும் அவை இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். அந்த இணைப்பைத் தமிழ் காத்து வைத்திருக்கிறது. ஒன்றில் மறைவது மற்றதில் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பதில்: வெற்றிலைக்கொடி, கொழிஞ்சாம்பாறை

நான் கத்தோலிக்கப் பெண். உபதேசியார் ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் திருவிவிலியத்திலும் அங்கே "நான்" தான். உயிர்ப்பு ஞாயிறு பகல் திருப்பலியில் பதிலுரைப் பாடலாக வருவது இந்தத் திருப்பாடல்தான், அந்த 17-ஆம் வசனமும் அதில் உண்டு. வருடா வருடம் பாடியிருக்கிறேன், கல்லறை திறந்த நாளில் இதை ஏன் பாடுகிறோம் என்று யோசித்ததில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏட்டில், எழுதியவர் என்ன சொல்லக் கருதினார், அது வரலாறா, இறைவாக்கா, கவிதையா என்று பார்க்கவேண்டும் என்று இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் அதை மனப்பாடம் செய்தேன். ஒரு அட்டையால் ஒரு வீடு இப்படி நொறுங்குவதைக் கேட்ட பிறகுதான் அது ஏன் என்று விளங்குகிறது. அக்காவுக்காக ஜெபிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: கொழுந்துக்கூடை, வண்டிப்பெரியாறு

உபதேசியார் ஐயாவுக்கு நன்றி. நேற்று பென்சிலோடு வாசித்தோம். எட்டுப் பேரும் குரலைப் பிரித்துக்கொண்டோம். ஆலய வாசலில் நிற்பவரின் பகுதியை அக்காவே கேட்டு வாங்கினார். 17-ஆம் வசனம் வந்ததும் நிறுத்தினார். நாங்கள் காத்திருந்தோம். வாசித்துவிட்டார். மத்தேயு 26-ஐ நான் சொன்னபோது, "அவரும் இதைப் பாடிவிட்டுத்தான் போனாரா?" என்று இரண்டு முறை கேட்டார்.

கொடியைச் சீவுவது பற்றிச் சொன்னீர்கள். தேயிலைச் செடியை அப்படி வெட்டுவதை நாங்கள் கவாத்து என்போம். கவாத்து வெட்டிய மலை, பார்க்கிறவர்களுக்குத் தீப்பிடித்து எரிந்த இடம்போல இருக்கும், வெறும் குச்சிகள். மறுபடி நாங்கள் கூடையோடு அந்தப் பக்கம் போக மாதக்கணக்கில் ஆகும். யோவான் 15-ஐ அடுத்து வாசிக்கப்போகிறோம்.

ஆனால் ஒரு சிக்கல். அடுத்த 18-ஆம் வசனத்தில், "கர்த்தர் என்னைக் கடினமாய்த் தண்டித்தும்" என்று வருகிறது. அக்காவின் முகம் மாறிவிட்டது. தம் கணவருக்கு வந்தது தண்டனையா என்று கேட்டார். அந்த வீட்டுக்கு வந்து பேசியவர்கள் இதையும் சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: பழைய உபதேசியார், பாறசாலை

இதற்கும் அதே கேள்விதான் சகோதரி: பேசுகிறவர் யார்? அங்கே "என்னை" என்று சொல்கிறவர், தமக்கு நடந்ததைத் தாமே பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார். அடுத்த வீட்டுக்காரரின் படுக்கையைக் காட்டி, உனக்கு வந்தது தண்டனை என்று சொல்ல அதில் யாருக்கும் உரிமை தரப்படவில்லை.

அப்படிச் சொன்னவர்கள் வேதாகமத்தில் உண்டு. "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற யோபு 8:7 எத்தனை வீட்டு வாசலில், எத்தனை அட்டையில் இருக்கிறது! அது யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களில் ஒருவரான பில்தாத் பேசியது. மூன்று வசனத்துக்கு முன்னால், பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த தகப்பனாகிய யோபுவிடம், உம் பிள்ளைகள் பாவம் செய்ததால் அவர்களுக்கு இது வந்தது என்று பேசுகிறவரும் அவரே. வேதாகமத்தில் அச்சாகியிருப்பதால் அது தேவன் சொன்னதாகிவிடாது. அந்த நண்பர்களின் பேச்சைப் பற்றித் தேவன் என்ன சொன்னார் என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது.

யோவான் 15 ஒரு வாரம் பொறுக்கட்டும். வரும் வியாழன் யோபு 8-ஐ ஒருவர் வாசியுங்கள். பிறகு 42-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்தை அக்காவிடம் கொடுங்கள். மகளும் மலையாளத்தில் கூடவே வாசிக்கட்டும்.