சங்க அறையில் 43 பழைய தேசியக் கொடிகள்: என்ன செய்யலாம்?

பி பிளாக் செயலாளர், திருச்சி

எங்க குடியிருப்புல 64 வீடு. 2022 ஆகஸ்ட்ல 'வீடுதோறும் மூவர்ணம்'னு அறிவிச்சப்போ சங்கக் கணக்குலயே மொத்தமா வாங்கி வீட்டுக்கு ஒண்ணு கொடுத்தோம். கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. பால்கனிக் கம்பியில கட்டினவங்க பல பேரு அதை அவுக்கவே இல்ல. வெயில்லயும் காத்துலயும் கிடந்து ஓரமெல்லாம் நூல் நூலா பிரிஞ்சுடுச்சு. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவங்க அதைக் கொண்டுவந்து சங்க அறையில வச்சுட்டுப் போயிடுறாங்க. தூக்கிப்போட மனசு வரல போல.

போன வாரம் எண்ணினேன். 43. பழைய மிக்சி வந்த ஒரு அட்டைப்பெட்டியில கிடக்கு. காவி வெளுத்து சந்தன நிறமாயிடுச்சு. அறையை ஒழிக்கச் சொன்னப்போ துப்புரவு வேலை பாக்குற அக்கா பெட்டியைத் திறந்து பாத்துட்டு மூடிட்டாங்க. "இதை நான் குப்பை வண்டியில போட மாட்டேன் சார், நீங்களே பாத்துக்குங்க."

எங்க சங்கத் தலைவரு, எரிச்சா உள்ள தூக்கிப் போட்டுருவாங்கங்குறாரு. ஏ பிளாக்குல ஒருத்தர் பையா தைச்சுடலாம்னாரு. இன்னொருத்தர் பிள்ளையார் மாதிரி காவிரியில விட்டுடலாம்னாரு. யாரு சொல்றது சரி?

கூடவே இன்னொரு பஞ்சாயத்து. ஜனவரி 26-க்கு எங்க வாட்ச்மேன் ஐயாவை ஏத்தச் சொல்லலாம்னு நான் நினைச்சேன். 11 வருஷமா அந்தக் கம்பத்துக்கு பெயிண்ட் அடிக்கிறவர் அவருதான். விதிப்படி தலைவர்தான் ஏத்தணும்னு தலைவர் சொல்றாரு. அப்படி ஒரு விதி இருக்கா?

வழிப்போக்கன்

எரிக்காதீங்க. நேரா 3 வருஷம். சட்டம் இருக்கு.

பழைய பி.டி. வாத்தியார், கும்பகோணம்

தம்பி, நான் 31 வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். வருஷத்துக்கு ரெண்டு தடவை கொடி கட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே எழுதியவர் சொன்னதில் பாதி உண்மை. 1971-ம் வருஷச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பொது இடத்தில், அல்லது பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில் கொடியை எரிப்பதும் கிழிப்பதும் மிதிப்பதும்தான் அதில் குற்றம். அதற்குத்தான் 3 வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும். 2002-ல் வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்போ, நைந்துபோன கொடியைத் தனிமையில், முழுசாக, முடிந்தால் எரித்து, இல்லையென்றால் அதன் மரியாதைக்குக் குறைவில்லாத வேறு வழியில் அழித்துவிடச் சொல்கிறது. சட்டம் ஒன்று சொல்ல விதி வேறொன்று சொல்கிறது என்று பலர் குழம்புவது இங்கேதான். ரெண்டுக்கும் முரண்பாடே கிடையாது. நாலு பேர் பார்க்க எரித்தால் அவமதிப்பு, யாரும் பார்க்காமல் எரித்தால் அடக்கம்.

அதனால் மொட்டைமாடி வேண்டாம், எதிர் பிளாக்கிலிருந்து தெரியும். போட்டோவும் வேண்டாம். உங்கள் தலைவர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன் என்று செல்போனைத் தூக்கினால் வாங்கி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

'முழுசாக' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கத்தரிக்கோல் போட்டு மூணு நிறத்தையும் தனித்தனியாக வெட்டிவிட்டால் அது வெறும் துணிதானே என்று ஒரு தலைமை எழுத்தர் என்னிடம் வாதாடியிருக்கிறார். கூடாது. பை தைப்பதும் கூடாது. கொடியை மெத்தை உறைக்கும் கைக்குட்டைக்கும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் விதி காய்கறிப் பைக்கு மட்டும் எப்படி இடம் கொடுக்கும்? காவிரி யோசனையும் சரிவராது. கொடி தரையில் படக்கூடாது, தண்ணீரில் இழுபடக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இனி, யார் ஏற்றுவது. குடியிருப்புச் சங்கத்தில் தலைவர்தான் ஏற்றவேண்டும் என்று அந்த விதித்தொகுப்பில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் தலைவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஒரு காலத்தில் முதலமைச்சருக்கே அந்த வாய்ப்பு இருந்ததில்லை. மாநிலத் தலைநகரங்களில் சுதந்திர தினத்தன்றும் ஆளுநர்தான் ஏற்றிக்கொண்டிருந்தார். கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது மத்திய அரசிடம் கேட்டு வாங்கி, 1974 ஆகஸ்ட் 15-லிருந்துதான் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். குடியரசு தினத்துக்கு இன்றும் ஆளுநர்தான். சாதாரண ஆள் நினைத்த நாளில் தன் வீட்டில் பறக்கவிடுவது என்பதே 2002-க்குப் பிறகு வந்த சௌகரியம். நவீன் ஜிண்டால் என்ற தொழிலதிபர் தன் ஆலையில் தினமும் கொடி ஏற்றியதை அதிகாரிகள் தடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மரியாதையோடு கொடி ஏற்றுவது குடிமகனின் உரிமை என்று 2004 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. உங்கள் வாட்ச்மேன் ஐயா அந்த உரிமைக்குள் வருகிறவர்தான்.

ஆனால் யார் ஏற்றுகிறார்கள் என்பதைவிட யார் கட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த ரெண்டாம் வருஷம், ஜனவரி 26. கொடியை மடித்து, உள்ளே ரோஜா இதழ் வைத்து (விதியிலேயே அதற்கு அனுமதி இருக்கிறது), கயிற்றால் நாலு சுற்று சுற்றி, நன்றாக இருக்கட்டும் என்று ஒரு இறுக்கு இறுக்கி உச்சிக்கு ஏற்றிவிட்டேன். சிறப்பு விருந்தினர் வந்து கயிற்றைச் சுண்டினார். அவிழவில்லை. இன்னொரு சுண்டு. முடிச்சு இன்னும் இறுகியது. எண்ணூறு பிள்ளைகள் கையை நெற்றியில் வைத்தபடி மேலே பார்க்கிறார்கள். கொடியோ மேலே ஒரு பொட்டலம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் இறக்கி, அவர் முன்னாலேயே பிரித்து, மறுபடி ஏற்றினோம். உள்ளே பார்த்தால் ஈர இதழ்கள் வெள்ளைப் பட்டையில் ஒட்டி, அங்கங்கே சிவப்புத் திட்டு. தலைமையாசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது இது. கடைசிச் சுற்றில் கயிற்றின் நுனியை வெளியே இழுக்காமல், ஒரு விரல் அளவுக்குக் கண்ணியாக மடித்துச் சொருகி விடவேண்டும். கீழே தொங்கும் கயிற்றைச் சுண்டினால் கண்ணி உருவிக்கொண்டு வந்துவிடும். முதல் நாள் சாயங்காலமே ஒரு துண்டைக் கட்டி அஞ்சு தடவை இழுத்துப் பாருங்கள். இதழ்களை ராத்திரியே பேப்பரில் பரப்பி ஈரம் போக வையுங்கள், ஒரு கைப்பிடி போதும். கப்பியில் ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கட்டும்போது பச்சை மண்ணைப் பார்க்கிறதா என்று ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்கள். தலைகீழாக ஏறிவிட்டால் பதறி அறுத்துக் கீழே போடாதீர்கள். நிதானமாக இறக்கி, திருப்பிக் கட்டி ஏற்றினால் போயிற்று.

ஏற்றுவது விறுவிறுவென்று, இறக்குவது மெதுவாக. துக்கத்துக்கு அரைக்கம்பத்தில் பறக்கவிடும்போது பலர் நேராகப் பாதியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். உச்சிக்குப் போய்த்தான் பாதிக்கு வரவேண்டும். மாலையில் இறக்கும்போதும் ஒரு தடவை உச்சிக்குப் போய்விட்டுத்தான் கீழே வரவேண்டும்.

ஓவர்லாக் மிஷின், திருப்பூர்

வாத்தியார் ஐயா எழுதினதுல எனக்கு ஒரே ஒரு மாத்துக்கருத்துங்க. எரிக்கச் சொல்றதுக்கு முன்னாடி துணி என்னன்னு பாத்துக்கணும். அந்த 43-ல பெரும்பாலும் பாலியெஸ்டராத்தான் இருக்கும். 2021 டிசம்பர் கடைசியில விதியைத் திருத்தி மிஷின்ல நெஞ்சதுக்கும் பாலியெஸ்டருக்கும் அனுமதி கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி கையில நூத்து கையில நெஞ்ச கம்பளி, பருத்தி, பட்டு காதி மட்டும்தான். கதர்க்கொடி பத்தவச்சா பஞ்சு மாதிரி எரிஞ்சு சாம்பலாயிடும். பாலியெஸ்டர் அப்படி எரியாதுங்க, உருகி எரியும். சொட்டுச் சொட்டா தார் மாதிரி ஒழுகி, கரும்புகை வந்து, கடைசியில கட்டி கட்டியா நிக்கும். அதைப் பாக்கவே நல்லா இருக்காது, புகையும் நெஞ்சுக்கு ஆகாது. விதியிலயே 'வேறு வழி'ன்னு இருக்கறதால, பாலியெஸ்டரை மடிச்சு ஒரு வெள்ளைத்துணியில சுத்தி, பெட்டியில வச்சு ஆழமா குழி தோண்டிப் புதைச்சுடுங்க. அது மக்காதுங்கறது வேற விஷயம். ஒரு முனையில நூலை இழுத்து நெருப்புல காட்டினா எது என்னன்னு தெரிஞ்சிடும்.

2022-ல எங்க தெருவுல ராத்திரி பகல் பாக்காம இந்தக் கொடிதான் ஓடுச்சுங்க. நானும் தைச்சேன். அப்ப வந்த பிரிண்டிங் துணியைப் பாத்து நொந்துட்டேன். நீளம் அகலம் மூணுக்கு ரெண்டு இருக்கணும். வந்ததுல பாதி சதுரமா இருந்துச்சு. சக்கரம் முட்டை மாதிரி நீண்டு கிடந்துச்சு. ஆரத்தை எண்ணினா 24 வராது. ஒரு ரோல் முழுக்க நான் திருப்பி அனுப்பிட்டேன், கான்ட்ராக்டர் இன்னைக்கும் என்கூட பேசறதில்ல. இந்தியத் தரநிலைகள்ல முதல் நம்பரே கொடிக்குத்தாங்க கொடுத்திருக்காங்க, ஐ.எஸ். 1. ஹூப்ளி பெங்கேரியில இருக்கற காதி சங்கத்துல அந்தத் தரத்துக்குத்தான் தைக்கறாங்க. நிறம், நூலோட பலம், தையல், எல்லாத்துக்கும் அளவு உண்டு. 6300க்கு 4200 மில்லிமீட்டர்ல இருந்து மேசையில வைக்கற 150க்கு 100 வரைக்கும் ஒம்பது சைஸ்.

சக்கரம் ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல விழணும், அதுதான் கஷ்டமே. கொடி நடுவுல ராட்டை இருந்த காலத்துல இன்னும் சிக்கல். ராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் சுத்துற கதிரு. கொடியைப் பின்னாடி இருந்து பாத்தா இடம் மாறித் தெரியும். 1947 ஜூலை 22-ல அரசியல் நிர்ணய சபையில கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்தப்போ நேரு இதையே காரணமா சொல்லியிருக்காரு. ராட்டையை எடுத்துட்டு அசோகச் சக்கரம் வந்ததுக்குப் பெரிய பெரிய தத்துவம் சொல்றாங்க. எனக்கு அந்தத் தையக்காரன் காரணம்தாங்க பிடிச்சுது.

எங்க ஊர்ல குமரன் 1932 ஜனவரி 10-ல அடிபட்டு மறுநாள் செத்தாரே, அவர் கையில இருந்தது அந்த ராட்டைக் கொடிதான். சென்னிமலைக்காரரு. அதுவும் நெசவு ஊருதாங்க.

ஏ பிளாக் வாசி

பை தைக்கலாம்னு சொன்ன ஆள் நான்தான். வாபஸ் வாங்கிக்கறேன். ஒரு சந்தேகம்: கார் முன்னாடி சின்னக் கொடி வச்சிருக்கேன், அது சரியா? ராத்திரியிலயும் பால்கனியில விடலாமா?

பழைய பி.டி. வாத்தியார், கும்பகோணம்

ராத்திரிக்கு இப்போது தடையில்லை. பொதுமக்கள் வீட்டில் பகலும் இரவும் பறக்கலாம் என்று 2022 ஜூலையில் திருத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் பொழுது சாய்வதற்குள் இறக்கியாக வேண்டும். ஆனால் கிழிந்தால் உடனே இறக்கவேண்டும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது.

காரிலிருந்து எடுத்துவிடுங்கள். காரில் பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், பிரதமர், அமைச்சர்கள், உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் என்று ஒரு பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் அதில் இருந்தால் மன்னிக்கவும்.

திருப்பூர்த் தம்பி சொன்ன பாலியெஸ்டர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. என் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்ததெல்லாம் கதர்தான். அவர் சொல்கிறபடியே செய்யுங்கள். சென்னை பக்கம் போனால் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு பட்டுக்கொடி இருக்கிறது, பாருங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றியது. நான் அரை மணி நேரம் அதன் தையலையே பார்த்துக்கொண்டு நின்றேன். காவலர் வந்து, 'சார், மூடற நேரம்' என்றார்.

பி பிளாக் செயலாளர், திருச்சி

எல்லாருக்கும் நன்றி. நேத்து முடிச்சுட்டோம். நூல் இழுத்துப் பாத்ததுல 43-ல 5 தான் பருத்தி. மோட்டார் அறைக்குப் பின்னாடி மண்சட்டியில வச்சு அந்த அஞ்சையும் எரிச்சோம். மிச்சம் 38-ஐயும் மடிச்சோம். காவியும் பச்சையும் வெள்ளைக்குப் பின்னாடி போற மாதிரி மடிச்சு, சக்கரமும் காவி, பச்சையில கொஞ்சமும் மட்டும் மேல தெரியுற மாதிரி ரெண்டு பக்கமும் உள்ள தள்ளணுமாம். துப்புரவு அக்காவும் நானும் உக்காந்து மடிச்சோம். அவங்க செருப்பை வெளியில விட்டுட்டுத்தான் உள்ளயே வந்தாங்க. என் செருப்பை அப்பத்தான் கவனிச்சேன், நானும் கழட்டிட்டேன். வேப்பமரத்துக்குக் கீழ வாட்ச்மேன் ஐயா இடுப்பளவு குழி வெட்டிக் கொடுத்தாரு. தலைவருக்குச் சொல்லவே இல்ல.

26-ம் தேதி வாட்ச்மேன் ஐயாதான் ஏத்துறாரு. அவருக்கு ஒரு கவலையும் இல்ல. எனக்குத்தான். கண்ணி முடிச்சு போட்டு துண்டைக் கட்டி ஏழு தடவை இழுத்துப் பாத்தேன், ரெண்டு தடவை அவிழல. வாத்தியார் ஐயா, நுனியை வலப்பக்கமா சொருகணுமா, இடப்பக்கமா?