முருங்கைக்கீரை விடாமல் சாப்பிட்டும் இரத்தசோகை ஏன்?

வில்லிவாக்கம் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. நாங்கள் சைவம், வீட்டில் முட்டையும் கிடையாது. சென்ற மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அம்மாவின் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. வாரத்தில் நான்கு நாள் முருங்கைக்கீரைத் துவட்டல், மாலையில் வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி, இரவில் இரண்டு பேரீச்சம்பழம் என்று ஓராண்டாகச் சாப்பிட்டு வருகிறார். பசலைக்கீரையைவிட 25 மடங்கு இரும்புச்சத்து முருங்கையில் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பியே இதைத் தொடங்கினோம். இத்தனைக்குப் பிறகும் இரத்தம் ஊறவில்லை என்றால், உணவில் எதைத்தான் தவறவிடுகிறோம்? ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் டபராவில் ஃபில்டர் காபி வந்தாக வேண்டும் அவருக்கு.

உணவியல் படித்தவர்:
அந்த 25 மடங்குக் கணக்கு, காயவைத்து அரைத்த முருங்கைப் பொடியையும் பச்சைப் பசலையையும் எடைக்கு எடை ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. தண்ணீர் வற்றிய எந்தக் கீரையும் அந்தத் தராசில் கனமாகத்தான் தெரியும். அதற்காக முருங்கையைக் குறை சொல்லவில்லை. அது நல்ல கீரைதான். ஆனால் தட்டில் இருக்கும் இரும்பு வேறு, இரத்தத்தில் சேரும் இரும்பு வேறு. கீரை, தானியம், பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை. தானியங்களின் தவிட்டிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் மிச்சத்தையும் கட்டிப்போடுகின்றன. காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிடுவது நல்லது; பிறகுதான் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரமாவது கழியட்டும்.

இரும்பை உள்ளே அழைத்துச் செல்வது வைட்டமின் சி. அது சூட்டில் அழிந்துவிடும் என்பதால், எலுமிச்சையைக் கீரையோடு கொதிக்கவிடாமல், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும். பச்சை நெல்லிக்காய்த் துவையல் இன்னும் சிறப்பு. கேழ்வரகை முளைகட்டி மாவாக்கினால் ஃபைட்டேட் குறையும். புளித்த இட்லி மாவிலும் இதுவே நடக்கிறது, நம் பாட்டிமார் ஃபைட்டேட் என்ற பெயரைக் கேள்விப்படாமலே செய்த வேலை அது.

பெரம்பூர் பெரியவர்:
மேலே நண்பர் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் நாம் எல்லோரும் இரத்தசோகை என்றவுடன் இரும்பை நோக்கி ஓடுகிறோம். சகோதரி, பரிசோதனைத் தாளில் எம்.சி.வி. என்றொரு எண் இருக்கும். சிவப்பணுவின் சராசரி அளவு அது. இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்து, அந்த எண் பெரும்பாலும் 80-க்குக் கீழே போகும். 100-ஐத் தாண்டினால் வைட்டமின் பி12 அல்லது ஃபோலேட் குறைவை முதலில் சந்தேகிக்க வேண்டும். அம்மாவுக்குப் பாதத்தில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு ஏதேனும் உண்டா? சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறாரா?

வில்லிவாக்கம் வாசகி:
தாளை எடுத்துப் பார்த்தேன், ஐயா. எம்.சி.வி. 106 என்று இருக்கிறது. சர்க்கரைக்கு ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுக்கிறார். நெஞ்செரிச்சலுக்கும் தினமும் காலையில் ஒரு மாத்திரை உண்டு. கால் மரத்துப்போவதை சர்க்கரையினால் வருவது என்று நினைத்து நாங்கள் பொருட்படுத்தவில்லை. பால் காபியில் கலப்பதுதான். தயிரைக்கூட நீர்மோராக்கித்தான் குடிப்பார்.

பெரம்பூர் பெரியவர்:
அப்படியானால் கீரை மீது பழி போட வேண்டாம். கீரை, பருப்பு, பழம் எதிலும் பி12 இயல்பாக இல்லை. முட்டை, மீன், இறைச்சி இல்லாத வீட்டில் பாலும் தயிரும்தான் அதற்கு வழி. அதிலிருந்து வருவதையும் மெட்ஃபார்மினும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் நீண்ட நாள் எடுத்தால் உறிஞ்சவிடாமல் குறைத்துவிடும். இந்தச் சத்தைப் பிரித்தெடுத்தது 1948-இல்தான். அதற்கு முன்பு இதே வகை இரத்தசோகைக்கு ஈரலை நிறையத் தின்னச் சொன்னார்கள், அதைக் கண்டறிந்தவர்களுக்கு 1934-இல் நோபல் பரிசும் கிடைத்தது. சைவக்காரர்கள் என்ன பாடுபட்டிருப்பார்களோ!

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். கடையில் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) மட்டும் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்: ஹீமோகுளோபின் ஏறிவிடும், பி12 குறைவால் வரும் நரம்புச் சேதமோ அடியில் தொடர்ந்துகொண்டே இருக்கும். மருத்துவரிடம் பி12, உடலில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற வயதில் இரும்பும் குறைந்திருந்தால், மூலம், குடற்புண் போன்றவற்றால் எங்காவது இரத்தம் கசிகிறதா என்பதையும் அவர் தேடுவார்.

உணவியல் படித்தவர்:
ஒப்புக்கொள்கிறேன், எம்.சி.வி. என்ன என்று முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று. ரேஷன் அரிசி வாங்குகிறீர்களா? அதில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் செறிவூட்டிய, அதாவது சத்துகள் சேர்த்துச் செய்த, அரிசி மணிகள் கலந்திருந்தால், அவற்றில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் உண்டு. அது மருந்துக்கு ஈடாகாது என்றாலும் சைவ வீட்டுக்கு அந்தக் கொஞ்சமும் வேண்டியதுதான். அரிசியைக் களையும்போது மிதப்பதை வடித்துக் கொட்டிவிடாதீர்கள்.

வில்லிவாக்கம் வாசகி:
எங்கள் வீட்டில் இட்லிக்கு ரேஷன் அரிசிதான். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசவே இல்லை. சற்று மஞ்சளாகவும் வழுவழுப்பாகவும் தெரிந்த அந்த மணிகளை 'பிளாஸ்டிக் அரிசி' என்று சொல்லி, இத்தனை நாளும் முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தவர் அவர். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். பி12 அளவு தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.