வௌவாலுக்கு 'இந்த ஆண்டின் பறவை' பட்டமா? இந்த ஓட்டெல்லாம் செல்லுமா?

மொட்டைமாடி:
பழைய செய்திகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது இது மாட்டியது. நியூசிலாந்தில் ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட் என்று ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. 2005 முதல் 'இந்த ஆண்டின் பறவை' என்று இணையத்தில் ஓட்டெடுப்பு நடத்துகிறார்கள். 2021இல் ஜெயித்தது யார் தெரியுமா? வௌவால்! பறவைகளுக்கு வைத்த போட்டியில் ஒரு பாலூட்டி புகுந்து பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது, அதையும் சிரிக்காமல் அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு குட்டிக் கிவிக்கு 1,500க்கு மேல் கள்ள ஓட்டு விழுந்து, கண்டுபிடித்து நீக்கியிருக்கிறார்கள். கிவிக்குக் கள்ள ஓட்டுப் போட்டு என்ன சாதிக்கப் போகிறார்களோ, காண்ட்ராக்டா கிடைக்கும்?

சரி, என் கேள்வி. மக்கள் விளையாட்டாகப் போடுகிற ஓட்டை நடத்துகிறவர்கள் மதிக்கணுமா, இல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு உருப்படியான ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமா? இந்த மாதிரி வேறு கூத்து தெரிந்தாலும் சொல்லுங்கள்.

வெலிங்டன்வாசி:
அண்ணே, அந்த வௌவால் கள்ள ஓட்டில் வரவில்லை, அமைப்பே வேண்டுமென்றே பட்டியலில் சேர்த்தது. இந்த நாட்டுக்குச் சொந்தமான நிலவாழ் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான், வேறு எதுவும் கிடையாது. ஜெயித்த நீளவால் வௌவால் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். எலி, பூனை, ஸ்டோட் (கீரி மாதிரி ஒரு சின்ன வேட்டை விலங்கு) எல்லாம் பறவைகளைத் தின்பதுபோல இதையும் தின்று தீர்க்கின்றன, அழியும் நிலையில் இருக்கிறது. பறவைக்கும் இதற்கும் ஆபத்து ஒன்றேதான், அதனால் இதுவும் வரிசையில் நிற்கட்டும் என்று விட்டார்கள். கோபப்பட்டவர்கள் நிறைய, ஆனால் அந்த ஒரு வாரம் ஊரே வௌவாலைப் பற்றித்தான் பேசியது.

2018இல் ஜெயித்தது கெரெரு என்ற புறா. புளித்த பழத்தைத் தின்றுவிட்டுப் போதையில் மரத்திலிருந்து விழும் என்று பேர் வாங்கிய பறவை. எங்கள் வாக்காளர்களின் ரசனை அப்படி.

உண்மையான கூத்து 2023தான். அமைப்புக்கு நூறு வயது ஆனதால் 'நூற்றாண்டின் பறவை' என்று வைத்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தும் ஜான் ஆலிவர், விதியில் வெளிநாட்டார் ஓட்டுப் போடலாம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, புடெகெடெகெ என்ற முக்குளிப்பான் வகை நீர்ப்பறவைக்குப் பிரசாரத்தில் இறங்கினார். பாரிஸ், டோக்கியோ, லண்டன், மும்பை என்று விளம்பரப் பலகை வைத்து, இன்னொருவர் நிகழ்ச்சிக்குப் பறவை வேஷத்திலேயே போய் உட்கார்ந்தார். தன் இறகையே தின்று, பிறகு வாந்தி எடுத்து வயிற்றிலுள்ள ஒட்டுண்ணிகளை வெளியேற்றும் பறவை அது, அதைத்தான் பெரிய தகுதியாகச் சொல்லி ஓட்டுக் கேட்டார்! 195 நாடுகளிலிருந்து 3.5 லட்சம் பேர் வந்து குவிந்ததில் சரிபார்க்கவே கூடுதலாக இரண்டு நாள் ஆனது. புடெகெடெகெவுக்கு 2,90,374 ஓட்டு. இரண்டாவதாக வந்த பழுப்புக் கிவிக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். தேசியப் பறவைக்கு எங்கள் ஊரிலேயே டெபாசிட் போச்சு.

பழங்கணக்கு:
மதிக்கணும் என்றால் முழுசா மதிக்கணும், அதுதான் என் கட்சி. 2016இல் பிரிட்டனில் 20 கோடி பவுண்டு செலவில் துருவ ஆராய்ச்சிக் கப்பல் கட்டி, பெயர் வைக்க மக்களைக் கூப்பிட்டார்கள். 1,24,109 ஓட்டுடன் முதலில் வந்தது 'போட்டீ மெக்போட்ஃபேஸ்', அதாவது 'படகுமூஞ்சிப் படகு' என்கிற மாதிரி ஒரு கிண்டல் பெயர். யோசனை சொன்ன முன்னாள் பிபிசி வானொலிக்காரரே பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார். கடைசியில் கப்பலுக்கு, இயற்கை பற்றிய தொலைக்காட்சிப் படங்களுக்குப் பேர்போன டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்துவிட்டு, அதிலிருந்து இறங்குகிற மஞ்சள் நிற ஆளில்லா நீர்மூழ்கிக்கு போட்டீ என்று பெயர் வைத்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பிய மாதிரி.

துருவநட்சத்திரம்:
@பழங்கணக்கு, இறுதி முடிவு எங்களுடையது என்று ஆரம்பத்திலேயே சொல்லித்தான் வைத்தார்கள், ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. அதோடு அந்த மஞ்சள் குட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2017இல் அண்டார்க்டிகா பக்கம் ஆழ்கடல் மலைகளுக்கு நடுவே போய், காற்று வலுத்தால் அடி ஆழத்து நீர் எப்படிக் கலங்கிச் சூடேறுகிறது என்று அளந்துகொண்டு வந்தது. பெயர் கோமாளித்தனமாக இருந்ததால்தான் அந்த ஆராய்ச்சி பத்திரிகையில் முதல் பக்கத்துக்கு வந்தது என்று நினைக்கிறேன். வேறு எந்த நீர்மூழ்கிக் கருவியின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

கடலோரக்கவிதா:
இதற்கு நேர்மாறான கதை சிட்னியில் நடந்திருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே! 2017இல் அங்கே புதிய பயணிப் படகு ஒன்றுக்கு ஓட்டெடுப்பு நடத்தி, 'ஃபெர்ரி மெக்ஃபெர்ரிஃபேஸ்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் வந்தது போட்டீ பெயர்தான், அது ஏற்கெனவே பிரிட்டனில் இருக்கிறது, அதனால் இரண்டாவதாக வந்ததை வைக்கிறோம் என்று மாநிலப் போக்குவரத்து அமைச்சர் விளக்கம் கொடுத்தார். கொஞ்ச நாளில் தொலைக்காட்சிக்காரர்கள் தோண்டிப் பார்த்தால், அந்தப் பெயருக்கு விழுந்ததே வெறும் 182 ஓட்டுதான்! மக்கள் ஒழுங்காக வேறு பெயர்களுக்குப் போட்டிருக்கிறார்கள், கூத்தடித்தது அரசாங்கம். அப்புறம் சத்தமில்லாமல் மே கிப்ஸ் என்ற குழந்தை எழுத்தாளர் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். மக்கள் பொறுப்பில்லாமல் ஓட்டுப் போடுகிறார்கள் என்று யாராவது பேசினால் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

மொட்டைமாடி:
@கடலோரக்கவிதா, ஐயோ, 182ஆ! இங்கே மக்களைத் திட்டலாம் என்று வந்தேன், அமைச்சரைத் திட்ட வேண்டியதாகிவிட்டது. @வெலிங்டன்வாசி, வௌவால் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாந்தி எடுக்கிற பறவைக்கு நூற்றாண்டுப் பட்டம் கொஞ்சம் அதிகம்.

வெலிங்டன்வாசி:
நாட்டில் ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது அண்ணே, பட்டத்தையாவது வைத்துக்கொள்ளட்டும்.

சால்மன்பிரியன்:
கரடி ஓட்டை விட்டுவிட்டீர்களே. அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் சால்மனை மொக்கி யார் நன்றாகக் கொழுத்திருக்கிறார்கள் என்று வருடாவருடம் ஓட்டெடுப்பு. 2022 அரையிறுதியில் ஹோலி என்ற கரடிக்கு ஆயிரக்கணக்கில் போலி ஓட்டுகள் வந்து, கழித்துப் பார்த்தால் 747 என்ற எண்ணுள்ள கரடிதான் ஜெயித்தது, பட்டமும் அதற்கே. குண்டாவதற்கு ஓட்டு விழுகிற ஒரே தேர்தல் இதுதான். பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் வரும், வந்ததும் இங்கே இணைப்பைப் போடுகிறேன், ஆளுக்கு ஒரு ஓட்டு மட்டும் போடுங்கப்பா.