எத்தியோப்பியாவுக்குப் பணிநிமித்தம் சென்றவர்கள்: மனத்தை விட்டு அகலாத முதல் சந்திப்பு

நெசவாலைப் பொறியாளர்:
ஹவாசா தொழிற்பூங்காவில் இயந்திரங்களை நிறுவுவதற்காகச் சென்றபோது, வழியில் அடிஸ் அபாபாவில் ஓரிரவு தங்கினேன். அங்கே விடியலிலிருந்துதான் மணியை எண்ணுவார்கள் என்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரியும். காலை இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த ஓட்டுநர் சொன்னபடியே வந்து, கார்க் கதவின் வழியே கையை நீட்டித் தம் கடிகாரத்தைக் காட்டினார். அதன் சிறிய முள் இரண்டில் நின்றது; என் கைப்பேசியில் மணி எட்டு. என்டோட்டோ மலையின் தைலமரங்கள்மீது வெயில் நன்றாக ஏறியிருந்தது. “எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்கும் நடுநிசியில் உங்களுக்கு ஏன் நாள் பிறக்கிறது?” என்று அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மரபில் வந்த நமக்கு அந்தக் கேள்வி அன்னியமானதன்று. ஆனாலும் எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் அது என்னை அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கணக்குத் தணிக்கையாளர்:
நண்பர் மணியோடு நின்றுவிட்டார். மணி ஓரிரு நாளில் பழகிவிடும், ஆண்டுக்கணக்கு அப்படியன்று. 2019 மார்ச்சில் நான் புரட்டிய பற்றுச்சீட்டுகளிலெல்லாம் 2011 என்றே எழுதியிருந்தது. முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்களும், ஐந்து அல்லது ஆறு நாள் மட்டுமே கொண்ட பதின்மூன்றாம் மாதமும் சேர்ந்ததுதான் அவர்களுடைய ஆண்டு. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் எழுத்தர், நான் கேட்காமலேயே ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் நம் தேதியைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். ஹைலே செலாசி பேரரசர் காலத்தில் இந்திய ஆசிரியர்கள் பலர் அங்குள்ள பள்ளிகளில் பணியாற்றினார்கள் அல்லவா? அந்த எழுத்தருக்குக் கணக்குச் சொல்லித்தந்தவரும் அவர்களுள் ஒருவராம். அதைச் சொல்லிவிட்டு எழுந்து நின்று, இடக்கையால் தம் வலது முழங்கையைத் தாங்கியபடி என் கையைக் குலுக்கினார். மூத்தோருக்கும் பெரியோருக்கும் அங்கே காட்டும் மரியாதை அது. யாரோ ஓர் ஆசிரியருக்கு உரியதை, அந்த எழுத்தரின் கணக்கையே சோதிக்க வந்த நான் பெற்றுக்கொண்டது சரிதானா என்று அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மருந்து ஏற்றுமதியாளர்:
மணி ஓரிரு நாளில் பழகிவிடும் என்று தணிக்கையாளர் ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆறு மணி நேரத்தைக் கூட்டுவதோ கழிப்பதோ கடினமில்லைதான். ஆனால் வெளிநாட்டவரோடு பழகிய அதிகாரிகள் நம் வசதிக்காக முன்கூட்டியே நம் கணக்குக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். மற்றவர்கள் தம் கணக்கிலேயே சொல்கிறார்கள். யார் எதைச் சொன்னார் என்பதுதான் சிக்கல். ஆகவே இனிச் செல்பவர்கள் எந்தச் சந்திப்புக்கும் “எத்தியோப்பிய மணியா, ஐரோப்பிய மணியா?” என்று தவறாமல் கேளுங்கள். விமானச் சீட்டில் இருப்பது உலகப் பொதுக் கணக்கே என்பதால் அதில் கைவைக்க வேண்டாம். மருந்தின் காலாவதித் தேதி போன்றவற்றை எழுதும்போது எந்த நாட்காட்டி என்பதையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். புதன், வெள்ளிக்கிழமைகளில் அங்குள்ள மரபுவழிக் கிறித்தவர்கள் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள் என்பதால், விருந்துக்கு அழைப்பதாக இருந்தால் கிழமை பார்த்து அழையுங்கள்.

என் அனுபவம் சிறியது. ஒரு கிடங்கில் நான் விலைப்பட்டியலை எடுத்ததும், அங்கிருந்த அம்மையார் பச்சைக் காப்பிக்கொட்டையை எங்கள் கண்முன்னே வறுத்து, புகையெழும் வாணலியை ஒவ்வொருவரின் முகத்தருகேயும் கொண்டுவந்தார். மூன்று சுற்றுக் காப்பியும் முடியும்வரை விலையைப் பற்றி எவரும் வாய்திறக்கவில்லை. காப்பிக்குப் பிறகு பேரம் என்று ஒன்று நடக்கவே இல்லை. நான் சொன்ன விலையை அப்படியே ஒப்புக்கொண்டார்கள். அது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்று: அடிஸ் அபாபா கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் நகரம். போய் இறங்கிய அன்றே மாடிப்படிகளில் விரைந்து ஏறினால் மூச்சு வாங்கும். முக்கியமான பேச்சுவார்த்தைகளை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.