கத்திரி வேரில் ஒட்டிய தக்காளி போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். பாலக்கோடு பக்கம் அரை ஏக்கர் தக்காளி. போன ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று, பாக்டீரியா வாடல் வந்து, காய் பிடிக்கிற நேரத்தில் செடி பச்சையாகவே தொங்கிப்போய்ப் பாதித் தோட்டம் காலி. தண்டை வெட்டித் தண்ணீரில் வைத்தால் பால் மாதிரி இழை இறங்கியது, அதனால் நோய் என்னவென்பதில் சந்தேகமில்லை. இந்த முறை ஒட்டு நாற்று (வேறு செடியின் வேர்ப்பகுதியில் தக்காளித் தண்டை ஒட்டி வளர்த்தது) போடலாமென்று யோசனை. தைவானில் இருக்கிற உலகக் காய்கறி மையம் இதற்குக் கத்திரி வேர்ச்செடியைத்தான் சொல்கிறது, வாடலையும் தேங்கும் நீரையும் தாங்குமாம். நம்மூரில் கத்திரியைச் சுண்டை வேரில் ஒட்டுகிறார்கள்தானே, அதே மாதிரி வேலை.

என் குழப்பம் பழத்தில்தான். கத்திரி வேர் தக்காளிக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைவாக ஏற்றுவதால் பழம் சிறுத்து இனிப்பு கூடலாம், கூடவே சுண்ணாம்புச்சத்து எட்டாமல் பழத்தின் அடி கறுக்கும் தொல்லையும் வரலாம் என்று படித்தேன். போட்டவர்கள் சொல்லுங்கள், மொத்த மகசூல் கூடியதா, பழ எடை எவ்வளவு குறைந்தது, சொட்டுநீர் எப்படி விட்டீர்கள்? வைட்டமின் சி, லைகோபீன் (தக்காளிக்குச் சிவப்பு தரும் நிறச்சத்து) ஏதாவது சோதித்தீர்களா? (சந்தையில் அதற்கு யாரும் விலை தரப்போவதில்லை, வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுவதால் கேட்கிறேன்.) அப்புறம் நாற்று ஒன்று என்ன விலை என்பதையும் மறக்காமல் போடுங்கள்.