மியூசியத்தில் ஊசி குத்திப் பாதுகாக்கும் பூச்சி டிராயரைத் திறந்து அதிர்ந்தவர்கள் இருக்கிறீர்களா?

சிறகன்:
ஊசிக்கு அடியில் பழுப்புப் பொடி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, காய்ந்த பூச்சிகளைத் தின்னும் மியூசியம் வண்டின் வேலை. அந்த வரிசையில் சிவப்பு லேபிளோடு ஒரு ஹோலோடைப் அந்துப்பூச்சி, அந்த இனத்தின் பெயரையே தாங்கி நிற்கும் ஒரே ஒரு மாதிரிப் பூச்சி. மேலிருந்து பார்த்தால் நான்கு சிறகும் பழுதில்லை. ஊசியைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்க்கிறேன், வயிறு வெறும் கூடு, உள்ளே உடம்பெல்லாம் மயிர் முளைத்த வண்டுப் புழு ஒன்று சாவகாசமாக மென்றுகொண்டிருக்கிறது. நெருங்கிய இனங்களைப் பிரித்தறியப் பிறப்புறுப்பைத்தான் பார்ப்போம், அது இருப்பதோ வயிற்று நுனியில். அதைத்தான் தின்றிருந்தது, சனியன்.

ஊசிமுனை:
என்னைப் படுத்தியது ஊசி. பழைய பித்தளை ஊசி. பூச்சியின் கொழுப்பில் உள்ள அமிலம் ஊசியின் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகப் பொங்கி, நெஞ்சுப்பகுதி விரிசல் விட்டிருந்தது. ஆய்வுக்கு வந்த ஒருவர் லேபிளைப் படிக்கிறேன் என்று ஊசியை ஒரு திருகு திருகினார். தலை ஒரு பக்கம், முன்னிறகு ஒரு பக்கம். "லேபிள் பத்திரமா இருக்கே" என்றார் பாருங்கள், அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. இடமும் தேதியும் பிடித்தவர் பெயரும் இல்லாத பூச்சி ஆய்வுக்கு உதவாது, சரி. பூச்சி இல்லாத லேபிளை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கூட்டுப்புழு:
சிறகன், அந்துருண்டை போட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. நாங்கள் போடுகிறோம், பிரச்சினையே இல்லை.

மைனஸ் இருபது:
கூட்டுப்புழு சொல்வதைக் கேட்காதீர்கள். அந்துருண்டை வாசம் வெளியே இருக்கும் வண்டை வேண்டுமானால் விரட்டும், வயிற்றுக்குள் உட்கார்ந்து தின்னும் புழு அதற்கெல்லாம் அசையாது. தினமும் அதை மூச்சில் இழுப்பது நாம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்துருண்டையில் வரும் பாராடைகுளோரோபென்சீன் ஆவியில் தெர்மாகோல் அடித்தளம் இளகி ஊசிகள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், அதோடு ரசாயனத்துக்குக் கும்பிடு. டிராயரை அப்படியே பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி −20 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஆர்வத்தில் பிரித்துவிடாதீர்கள், அறை வெப்பத்துக்கு வரும்வரை உறை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் நீர் கோத்துச் சிறகு சுருங்கும், அப்புறம் பூஞ்சை. புதிதாக வருகிற எதுவும், இரவல் போய்த் திரும்புகிற மாதிரிப் பூச்சி உட்பட, ஃப்ரீசர் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஜன்னல் விளிம்பைப் பாருங்கள், வளர்ந்த வண்டு வெளிச்சம் தேடி அங்கேதான் வந்து செத்துக் கிடக்கும். ஒட்டுப்பொறியும் வையுங்கள். டிராயர் மூடி இறுக்கமாக உட்காருகிறதா?

சிறகன்:
ஐயா, ஃப்ரீசரில் அன்றைக்கே வைத்தாகிவிட்டது. எனக்கு வேறு கவலை. தலையும் கால்களும் மிச்சம் இருப்பதால் ஒரு காலை எடுத்து டிஎன்ஏ பார்க்கலாம் என்கிறார் தலைமைக் காப்பாளர். ஏற்கெனவே பாதி போன ஹோலோடைப்பில் இன்னொரு துண்டை ஒடிக்க எனக்குக் கை வரவில்லை. இப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால், எந்தக் காலை எடுத்தீர்கள்?